தவக்காலத்தில் ஊறிய பீர்

தோ பாயோ அடுக்குமாடிகளில் லிப்ட் பழுது பார்க்கும் அருளப்பனுக்கு எதையும் தினமும் சோதித்துப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. சாம்பல் புதனன்று கோவிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தவர், நாற்பது நாள் தவக்காலம் முடியும்வரை ஒருசந்தி விரதமிருந்து, ஒரு சொட்டுக் குடிப்பதில்லை என்று மனைவி ஜெசிந்தாவிடம் சத்தியம் செய்தார். சூட்டோடு சூடாக, ஈஸ்டர் விருந்துக்கென்று வீட்டில் தட்டுமுட்டுச் சாமான் போட்டுவைக்கும் பாம் ஷெல்டர் அறைக்குள், குழாய் வைத்த பத்து லிட்டர் வாளியில் பீரும் ஊறப்போட்டார்.

"எத்தனை நாள் ஊறணும்?" என்றாள் ஜெசிந்தா.

"இந்த மிதவைய போட்டுப் பாத்தா ஒரு நம்பர் காட்டும். ரெண்டு நாள் அதே நம்பர் நின்னா போதும் லா, பாட்டில்ல அடைச்சிடலாம்."

பத்தாம் நாளே எண் அசையாமல் நின்றுவிட்டது. அருளப்பன் நம்பவில்லை. நின்றுவிட்டதாக நடித்துவிட்டுத் திடீரென்று கிளம்பும் லிப்டுகளை அவர் நிறையப் பார்த்தவர். ஆகவே சோதனை தொடர்ந்தது, தினம் கால் லிட்டர். எடுத்ததைத் திரும்ப ஊற்றினால் வாளியே கெட்டுவிடும். கொட்டினாலோ பாவம். வாய் ஒன்றுதான் வழி.

"இது குடிக்கிறதில்ல, செக்கிங்," என்றார் ஜெசிந்தாவிடம்.

ஈஸ்டரன்று மச்சான் குடும்பத்தோடு வந்து, கிளாஸும் கையுமாக உட்கார்ந்தார். அருளப்பன் வாளிக் குழாயைத் திறந்தார். அது ஒருமுறை இருமிவிட்டு, கொஞ்சம் வண்டலைத் துப்பியது.

ஜெசிந்தா மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இந்த வீட்ல ஒழுங்கா ஒருசந்தி இருந்தது இந்த வாளி மட்டுந்தான்," என்றாள்.