வரிசையில் இல்லாத கடலை

வெளிநாட்டிலிருந்து வரும் விதைகளைச் சோதித்து உள்ளே விடும் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எந்த விதைக்கு எந்தப் படிவம், எத்தனை பிரதி என்று தூக்கத்திலும் சொல்வேன். இந்தத் திறமை ஒன்பது வயதிலேயே தலைகாட்டிவிட்டது. அதற்கு முதல் பலி என் தாய்மாமா.

அப்போது நாங்கள் மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து லாயாங் லாயாங்கில் இருந்தோம். மாமாவும் எங்களோடுதான் இருந்தார். ஜொகூர் மழையில் கொண்டைக்கடலை காய்க்காது என்றார் மளிகைக்கடை முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே. காய்க்கும் என்றார் மாமா. தோற்பவர் தீபாவளிவரை ஞாயிறுதோறும் ஜெயித்தவரின் வண்டியைக் கழுவ வேண்டும். தவுக்கேயிடம் இருந்தது வேன், மாமாவிடம் சைக்கிள். பந்தயத்தின் நியாயத்தை யாரும் பரிசீலிக்கவில்லை.

விதை பொறுக்குவது என் பொறுப்பு. கடையில் வாங்கிய வெள்ளைக் கடலையில் ஒரே அளவு, ஒரே நிறமாக நூறு எடுத்தேன். சின்னது, சுருங்கியது, கறுத்தது எல்லாம் கோழிக்கூட்டுப் பக்கம் போயின. நூறையும் நூல் பிடித்து நட்டோம். ஒன்றாக முளைத்தன, மூன்று நாள் அடைமழையில் ஒன்றாகவே அழுகின. ஒழுங்கில் குறை சொல்ல முடியாது.

மாமா என்னவோ சோர்ந்துபோகவில்லை. தினமும் காலையில் கோழிக்கூட்டுப் பக்கம் போய்விட்டுச் சீட்டியடித்துக்கொண்டு வந்தார். கோழிகள்மேல் பிரியம் என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை அம்மா கொல்லையைச் சுத்தம் செய்யச் சொன்னார். கூட்டின் கம்பிவலை ஓரம் பொடி இலைகளோடு ஒரு செடி, ஊதா நிறத்தில் ஒரே ஒரு பூ. பிடுங்கிக் கோழிகளுக்குப் போட்டேன். பாராட்டை எதிர்பார்த்து மாமாவிடம் போனேன்.

"மாமா, வரிசையில இல்லாத ஒண்ண பிடுங்கிட்டேன்."

மாமா காப்பிக் குவளையைக் கீழே வைத்தார். "ஊதாப் பூ வச்சதா?"

"ஆமா."

"அலமாக், போச்சே! மருமகளே, பந்தயத்துல மிச்சம் இருந்த ஒரே ஆள் அவன்தான்."

மறுநாள் மாமா வேனைக் கழுவினார். தவுக்கே முக்காலி போட்டு உட்கார்ந்து, "அண்ணே, டயரும் கழுவு லா," என்று மேற்பார்வை பார்த்தார்.

பல வருடம் கழித்து, கொண்டைக்கடலையின் காட்டுச் சொந்தங்கள் உறைகளில் என் மேசைக்கு வந்தன. சின்னது, சுருங்கியது, கறுத்தது. படிவத்தில் 'எதற்கு' என்ற கட்டத்தில் ஆய்வாளர் காரணம் எழுதியிருந்தார்: பொறுக்கிப் பொறுக்கி விதைத்ததில் வயல் கடலைகள் ஏறக்குறைய ஒன்றுபோலாகிவிட்டன, நோய் வந்தால் சேர்ந்தே போகும், தாங்கும் குணம் இவற்றிடம் இருக்கலாம். எதையும் பொறுக்காமல் முத்திரை குத்தி எல்லாவற்றையும் உள்ளே விட்டேன்.

ஆனால் அந்த ஞாயிறு, மாமாவுக்குத் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: அடுத்த முறை இன்னும் கண்டிப்பாகப் பொறுக்க வேண்டும்.