அம்மாவின் சீட்டாட்டமும் ஓர் அட்டையும்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், அப்பாவும் இல்லாத வீட்டில், அம்மா சீட்டு விளையாடப் போயிருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? கோயிலுக்குப் போயிருக்கிறாள், இப்போது வந்துவிடுவாள் என்று சொன்னேன். அவர்கள் காப்பியைக் குடித்தார்கள். கேசரியைச் சாப்பிட்டார்கள். வாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வத்தலக்குண்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துபோனார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

இருட்டுகிற நேரத்துக்கு அம்மா வந்தாள். வந்துபோனவர்களின் செருப்புத் தடம் வாசலில் கிடந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. நான் சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்து தலையில் கைவைத்தாள்.

"அய்யோ, இன்னிக்கா? வெரசா வந்துரலாம்னுதான் போனேன் புள்ள. நல்ல கை விழுந்துச்சு, எந்திரிக்க முடியல."

எனக்கு வந்த ஆத்திரத்தில் மிச்சமிருந்த கேசரியைச் சட்டியோடு வெளியே வைத்தேன். குரங்குகள் தின்றன.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் கொடைக்கானலில் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் வந்திருந்தது. மூஞ்சிக்கல் பக்கம் இருந்த ஒன்றுக்கு அம்மாவை முதலில் கூட்டிப்போனதே நான்தான். வேலைக்கு ஒரு விண்ணப்பம் அனுப்ப வேண்டியிருந்தது. போலாமா, போலாமா என்று அம்மா நச்சரிக்கவும், சென்டர்காரர் அவளைப் பக்கத்துக் கேபினில் உட்காரவைத்து, சீட்டு விளையாட்டு ஒன்றைத் திறந்துகொடுத்தார். எங்கெங்கோ இருக்கிற நாலு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆடுவது. காசு கிடையாது, ஜெயித்தால் புள்ளி ஏறும், அவ்வளவுதான். அம்மாவுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாது. ஆனால் சீட்டு தெரிந்திருந்தது. சிலோன் தேயிலைத் தோட்டத்தில் கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தில் ஆண்கள் ஆடும்போது தேத்தண்ணி கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்று பார்த்தே படித்த ஆட்டமாம். ஒரு நாளும் உட்காரச் சொன்னதில்லையாம்.

முதலில் வாரத்துக்கு ஒரு நாள் போனாள். பிறகு கேரட் கழுவுகிற வேலை முடிந்ததும் நேராக அங்கே. பிறகு, முட்டி வலிக்கிறது என்று வேலைக்கே லீவு போட்டுவிட்டு அங்கே. அந்த முட்டி சென்டர் படியேறும்போது மட்டும் வலிக்காது. சோறு தீய்ந்தது, பால் பொங்கி வழிந்தது. வீட்டில் இருந்தாலும் அவள் இருக்கமாட்டாள். அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடப்பாள். உட்கார்ந்தால் வலது கை ஆட்காட்டி விரல் முந்தானையைத் தட்டிக்கொண்டே இருக்கும். அந்த விரலைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாமல் போனது. நான் வேலைபார்த்த சாக்லேட் கடையில், வந்தவர்களுக்கு மீதிச் சில்லறை கொடுக்கும்போதுகூட அம்மா எங்கே இருப்பாள் என்றுதான் மனசு ஓடும்.

அப்போதுதான் அந்த உத்தரவு வந்தது. பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள், கண்டவர்கள் கண்டதைச் செய்கிறார்கள் என்று சர்க்கார் சட்டம் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். கேபினுக்குக் கதவு இருக்கக் கூடாது. போட்டோ ஒட்டிய அட்டை காட்டாமல் யாரையும் உட்காரவைக்கக் கூடாது. சென்டர் வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸை நான் ரெண்டு தடவை படித்தேன். என் வாயால் நிறுத்த முடியாததைச் சர்க்கார் நிறுத்தப்போகிறது என்று அப்படி ஒரு சந்தோஷம். அம்மாவிடம்தான் அட்டை இல்லையே. வாக்காளர் அட்டையில் அவள் பேருக்கு நேரே வேறு யாரோ ஒரு பெண்ணின் முகம் இருந்தது. அதை மாற்ற வேண்டும் என்று அவள் நினைத்ததும் இல்லை.

மறுநாள் கடை முடிந்து அம்மாவைத் தேடிக்கொண்டு போனேன். சோதனைக்கு வந்த ஏட்டு ஒருவர் சென்டரில் உட்கார்ந்திருந்தார். அவர் எதிரே நின்று அம்மா மாராப்புக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தாள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சிலோனிலிருந்து கப்பலேறியபோது கொடுத்த குடும்ப அட்டை. எங்கள் ஆட்கள் அப்படித்தான். எந்த சர்க்கார் எதற்கு அட்டை கேட்டாலும் தகரப்பெட்டியைத் திறந்து அதைத்தான் எடுப்பார்கள்.

ஏட்டு போட்டோவைப் பார்த்தார். தாத்தா, பாட்டி, வரிசையாகப் பிள்ளைகள்.

"இதுல நீங்க எதும்மா?"

"அந்தா, ரெட்டச் சடை. எங்க ஐயாவுக்குப் பக்கத்துல நிக்குது பாருங்க."

"இது சிலோன் அட்டைல்ல? அகதியா நீங்க? எந்த கேம்ப்பு?"

"அகதி இல்லீங்க. ரெண்டு கவர்மெண்டும் ஒப்பந்தம் போட்டுக் கூட்டியாந்துச்சு."

"கம்ப்யூட்டர்ல யாருகூடப் பேசுறீங்க? வெளிநாட்டு ஆளுகளா?"

"பேசலீங்க. சீட்டு வெளாடுறேன்."

கதவு கழற்றிய கேபின்களில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அம்மா தலையைக் குனியவில்லை. எனக்குத்தான் காது சுட்டது. அவள் உள்ளே போகக் கூடாது என்று ஆசைப்பட்டுத்தான் வந்திருந்தேன். ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்டதும் ஓங்கி ஒருத்தனை அறையலாம் போல இருந்தது.

"எங்கம்மாதான் சார்," என்று முன்னால் போய் நின்றேன்.

சென்டர்காரருக்கு நல்ல மனசு. "சார், பொண்ணுக்கு வோட்டர் ஐடி இருக்கு. பொண்ணு பேர்ல என்ட்ரி போட்டுக்கலாமா?" என்றார்.

ஏட்டு யோசித்தார். "மக பொறுப்பேத்துக் கையெழுத்துப் போட்டாச் சரி." என்னைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "இல்ல, வேணாம்னாலும் சொல்லும்மா. இனிமே உள்ள விடாதன்னு சொல்லிட்டுப் போறேன். இந்தக் கருமத்தால எத்தன வீட்ல சண்ட."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை. மாசக்கணக்கில் நான் போட்ட சண்டைக்கெல்லாம் அது போதும். ஆனால் பேனாவைத்தான் எடுத்தேன்.

அம்மா ரிஜிஸ்டர் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"சிலோனு வேணாம், இந்தியாவுக்குப் போறோம்னு எங்க ஐயா கையெழுத்துப் போட்டாரு. என்னைய ஒரு வார்த்த கேக்கல. கல்யாணத்துக்கு எங்கண்ணன் சரின்னு சொன்னாரு. அப்பறம் எல்லாத்துக்கும் ஒங்கப்பா. இப்ப சீட்டு வெளாட ஒன் கையெழுத்தா? எனக்கு வேணாம் புள்ள."

அட்டையை உறைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு சோறு தீயவில்லை. வேலைக்கு வெள்ளனே கிளம்பினாள், நேராக வீட்டுக்கு வந்தாள். நான் ஆசைப்பட்டதெல்லாம் நடந்தது. அந்த வீட்டில்தான் என்னால் இருக்க முடியவில்லை. ராத்திரி படுத்தால் பக்கத்தில் அந்த விரல் பாயைத் தட்டும். புரண்டு படுப்பாள், எழுந்து தண்ணீர் குடிப்பாள், மறுபடி புரளுவாள். ஒரு நாள் தாங்கமாட்டாமல், "போய்த் தொலையேம்மா, நான் கையெழுத்துப் போடுறேன்," என்று கத்தினேன். "கெடக்கு விடு," என்றாள்.

ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை. வாக்காளர் அட்டைக்குப் புதிதாகப் போட்டோ எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கூலியை விட்டுவிட்டுப் போய் வரிசையில் நின்றாள். பெயரைத் தானே சொன்னாள், வந்த அட்டையைத் தானே போய் வாங்கினாள். போட்டோவில் அவள் முகம் கரிபிடித்தது போல இருந்தது. ஆனாலும் அவள் முகம்தான்.

வாங்கிய அன்றைக்கே சென்டருக்குப் போனாள். நான் பின்னால் போகவில்லை. எப்படியும் இருட்டித்தான் வருவாள் என்று உலை வைத்தேன். அரிசி வேகும் முன்னே செருப்புச் சத்தம் கேட்டது.

"என்னம்மா, உள்ள விடலயா?"

"விட்டாங்க. அட்டையக் காமிச்சேன், நானே கையெழுத்துப் போட்டேன். கொஞ்ச நேரம் வெளாடுனேன். போதும்னு தோணுச்சு, எந்திரிச்சு வந்துட்டேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. போதும் என்று அவள் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. எல்லாம் தீர்ந்தது என்றே நினைத்துவிட்டேன்.

"அப்ப நாளைக்குப் போக மாட்டியே?"

அம்மா கரண்டியை என் கையிலிருந்து வாங்கி உலையைக் கிண்டினாள்.

"அது நாளைக்குத்தான் எனக்குத் தெரியும்," என்றாள்.