மிக்கேலம்மாளையும் காலின்னு நெனச்ச பிரேக்கு

தங்கச்சிமடத்து சவேரியாருக்கு மூணு பொண்ணு, ஒரு பையன். நடுவுள்ள பொண்ணு அனிட்டா. அவளக் கட்டுனவன்தான் சகாயவினோத். பாம்பன்ல இவன் அய்யா வழி ஆளுக எல்லாம் கடல்காரங்க. இவனும் பதினாலு வருசம் விசைப்படகு ஓட்டினான். முதுகு மக்கர் பண்ணவும் கரையேறி, பழைய வேன் ஒண்ண வாங்கி, அதுக்குள்ள ஒரு வீட்டையே கட்டிப்புட்டான். கட்டில், அடுப்பு, முந்நூறு லிட்டர் தண்ணித் தொட்டி, கடைசியில ஒரு கக்கூசு. கோயில் கோயிலாப் போற குடும்பங்களுக்கு வாடகைக்கு விடணும்னு ஆசை.

முதல் சவாரி மாமியா மிக்கேலம்மாளுக்கு. ஓரியூருக்கு நேர்ச்சை. அந்தம்மா சொல்லு தீவு முழுக்கப் போகும். வண்டி நல்லாருக்குன்னா நாலு ஊருக்காரன் கேட்டு வருவான். நல்லால்லேன்னா அதுல கோழி அடைக்க வேண்டியதுதான்.

மாமியாளோட தங்கச்சிமாரு ஆறு பேரையும் சேத்துப் பதினோரு பேரு ஏறுனாக. உச்சிப்புளிகிட்ட ஒரு ஆடு குறுக்க வந்துச்சு. பிரேக்க மிதிச்சான். வண்டி மூக்கத் தரையில முட்டப்போற மாதிரி குனிஞ்சது. அடுப்புல ஆறிப்போயிருந்த மீன்குழம்புச் சட்டி சறுக்கி வந்து, மச்சினன் ஆன்டனி ராஜ் மடியில உக்காந்துச்சு.

"ஏலே மாப்ள, குழம்பு ஊத்தணும்னா தட்டுல ஊத்துடா!"

மிக்கேலம்மாள் சொன்னா: "மருமவனே, இன்னும் ரெண்டு தடவ இப்படிக் குனிஞ்சா நான் பஸ்ஸுல போயிருவேன். சும்மாவும் போகமாட்டேன், ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத்தான் போவேன்."

படகுல அணியம், அதான் முன்மூக்கு, தாழ்ந்தா முன்பக்கத்துப் பாரத்தப் பின்னால தள்ளுவாக. சகாயவினோத்துக்குத் தெரிஞ்ச வைத்தியம் அதுதான். கனத்த சித்திமாரு ஆறு பேரையும் கக்கூசுப் பக்கமா நகத்துனான். மாமியாளுக்குக் கக்கூசுக் கதவ ஒட்டி மரியாதையான இடம்.

ராமநாதபுரம் தாண்டி ஒரு வேகத்தடை. மறுபடி குனிஞ்சது. சித்திமாரு ஆறு பேரும் ஒருத்திமேல ஒருத்தியா முன்னால வந்து சேந்தாக. மிக்கேலம்மாள் எறங்கப் போறவ மாதிரி பைய எடுத்து மடியில வச்சுக்கிட்டா.

சகாயவினோத் தேவிபட்டினத்துல மெக்கானிக்கு நுஃமான் பட்டறையில நிப்பாட்டினான். நுஃமான் அடியில படுத்துப் பாத்து, படுத்தபடியே சிரிச்சான்.

"பின்னால பட்டை சேத்தீகளா?"

"ஆமா பாய். பாரத்துல வால் தொங்குச்சு. ஸ்பிரிங்குல ரெண்டு பட்டை கூடப் போட்டுத் தூக்கிவிட்டேன்."

"அங்கனதான் வினை. பின் அச்சுலேருந்து இந்தக் கம்பி ஒரு வால்வுக்குப் போகுது. பின்பக்கம் தாழ்ந்தா, ஆளு ஏறியிருக்குன்னு பின்சக்கரத்துக்குப் பிரேக்கக் கூட அனுப்பும். நிமிந்து நின்னா, வண்டி காலின்னு கொறச்சிரும். நீங்க தூக்கிவிட்டுட்டீக. பதினோரு பேரு உக்காந்தும் அது காலின்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்கு. பூராப் பாடும் முன்சக்கரத்துக்கு."

மேலருந்து மிக்கேலம்மாள் சத்தம். "யாரு காலி? நான் உக்காந்திருக்கேன், தெரியலையாமா அதுக்கு?"

"தெரியலயே அம்மா."

"எம்பத்தாறு கிலோவுய்யா நான்!" பெத்த மகளுக்கே சொல்லாத எடைய ரோட்டுக்கே கேக்குற மாதிரி சொல்லிப்புட்டா.

சகாயவினோத் கேட்டான்: "அப்ப பூராத்தையும் பின்சக்கரத்துக்கே குடுத்துரு பாய்."

"குடுத்தா வால் சுத்தி ரோட்டுக்குக் குறுக்க நிப்பீக. ரெண்டு பேரு ஒரு கட்டிலப் படியில எறக்குறாகன்னு வைங்க. கீழ போறவனுக்குத்தான், அதான் முன்சக்கரத்துக்கு, பாரம் கூட. அதுக்காக மேல உள்ளவன் கைய விட்டுறலாமா? பாரத்தோடதான் கம்பியத் திருத்தணும். எல்லாரும் ஏறுங்க, தொட்டிய நெரப்புங்க, அசையாதீக."

ஒருமணி நேரம் பதினோரு பேரும் போட்டோவுக்கு நின்ன மாதிரி இருந்தாக. மிக்கேலம்மாள் செபமாலையத் தொடங்குனா. ஆன்டனி ராஜ் பொஞ்சாதி ஜாஸ்லின் முதுகு சொறியப் போனா, நடு செபத்துல மாமியா அதட்டுனா: "அசையாதடி, அளவு தப்பும்!"

அப்புறம் வெறிச்ச ரோட்டுல சகாயவினோத் மனசுக்குள்ள சிலுவை போட்டுக்கிட்டு ஓங்கி மிதிச்சான். தரையில எறக்கி வச்ச கட்டில் மாதிரி வண்டி நாலு பக்கமும் ஒண்ணா அமுந்து நின்னுச்சு. ஒரு சித்திகூட நகரல.

"இன்னொரு வாட்டி மிதிங்க மருமவனே," அப்படின்னா மாமியா. ஏழு வாட்டி மிதிக்க வச்சா.

திருவாடானையில ஜாஸ்லினோட அக்கா வீடு. "ரெண்டு நாள் இருந்துட்டு வாரேன் அத்தை, இங்கன எறங்கிக்கிறேன்," அப்படின்னா அவ.

"நீ எறங்குனா பிரேக்கு கொறஞ்சிரும். உக்காரு."

ஒரு ஆள் எறங்குனா அந்த வால்வு தானாச் சரிபண்ணிக்கும்னு நுஃமான் சொல்லித்தான் அனுப்பியிருந்தான். சகாயவினோத் சொல்ல வாயெடுத்தான். கண்ணாடியில பாத்தான். மாமியா கக்கூசுக் கதவுல சாஞ்சு, அந்த வண்டிய அவளே பிடிச்சு நிறுத்திக்கிட்டு வார மாதிரி உக்காந்திருந்தா. இனி ஒரு பய இந்த வண்டியக் கொற சொல்ல அவ விடமாட்டா. வாய மூடிக்கிட்டான்.

ஜாஸ்லின் சன்னல் வழியா அக்காளப் பாத்துப் பேசுனா. அக்கா ஆசையாக் கொண்டுவந்த பலாப்பழத்த, அளவு தப்பும்னு மிக்கேலம்மாள் ஏத்தவிடல.