கசெட்டின் கடைசி இரைச்சல்

வட்டவளையில் மழை பிடித்துக்கொண்ட நாட்களில் பழைய கசெட் எதையும் நான் தொடுவதில்லை. ஈரத்தில் நாடா, அதைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் மேல் தோட்டத்து அக்கா மழையோடுதான் வந்தார். மடியை அவிழ்த்து ஒரு கசெட்டை மேசையில் வைத்தார். கருகிய வாழைச்சருகு போல் இருந்தது.

எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில், அந்த வரிசை வீடுகளில், எதிலும் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் முக்கியமான பொருட்களை அடுப்புக்கு மேலுள்ள பலகையில் வைப்பார்கள். இதையும் அங்கேதான் வைத்திருந்தார். பூஞ்சணம் இல்லை. பதிலாகப் புகை நாடாவில் பிசின் போல ஏறியிருந்தது.

அவருடைய அம்மாவுக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்தபோது, மூத்த அண்ணன்தான் ஓடியாடி எல்லாவற்றையும் முடித்து, தன் தம்பியோடு அம்மாவைக் கப்பலேற்றினார். அண்ணனும் அக்காவும் இலங்கையிலேயே தங்கிவிட்டார்கள். கோத்தகிரியிலிருந்து அம்மா பேசி அனுப்பிய ஒரே கசெட் இது. வந்த அன்று ஒரு தடவை போட்டுக் கேட்டார்கள். கொஞ்ச நாளில் அம்மா இறந்த தந்தி வந்தது. பிறகு யாருக்கும் போட மனம் வரவில்லை. இப்போது அண்ணனுக்கு நெஞ்சு வருத்தம், இதயம் பலவீனம். அம்மாவின் குரலைக் கேட்க வேண்டும் என்கிறாராம்.

“அறுந்துருச்சுன்னா அவருக்கிட்ட நான் என்னத்த தம்பி சொல்றது?” என்றார்.

திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுவது என் தொழில். கசெட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவதும் உண்டு. அன்று போல் பயந்து வேலை செய்ததில்லை. ஹெட்டை ஸ்பிரிட்டில் துடைத்தேன். அதில் ஏறியிருந்த காந்தத்தை நீக்கினேன். அளவுக்கென்று வைத்திருக்கும் கசெட்டைப் போட்டு ஹெட்டின் சாய்வைச் சரிபார்த்தேன். பிறகுதான் அவருடையதைப் போட்டேன். குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல வந்தது. பதிவு செய்த ரெக்கார்டரில் ஹெட் கோணலாக இருந்திருக்க வேண்டும். அந்தக் கோணலுக்கே என் ஹெட்டையும் திருப்பினால்தான் குரல் திறக்கும். அதற்கு நாடா ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓட ஓடப் பழுப்புத் தூள் உதிர்ந்தது. ஒரு கிறீச்சிடல் கேட்டதும் நிறுத்தித் துடைத்தேன். பஞ்சு காப்பி நிறமானது. ஹெட்டின் திருகாணியைத் திருப்புளியால் கொஞ்சம் திருப்பினேன்.

இரைச்சல் குறைக்கும் பொத்தானை நான் அமுக்கவில்லை. அந்தக் காலத்துச் சின்ன ரெக்கார்டரில் அப்படியொன்று இருந்திருக்காது. பதியும்போது இல்லாததைக் கேட்கும்போது போட்டால் இரைச்சலோடு குரலின் கூர்மையும் போய்விடும். கம்ப்யூட்டரிலும் இரைச்சலை எடுக்கலாம், ஆனால் எடுக்காமல் விடுவதே நல்லது என்று அக்காவிடம் சொன்னேன்.

“எடுத்தா எங்கம்மா ரேடியோவுல நியூஸ் வாசிக்கிற மாதிரி ஆயிருமோ?” என்று சிரித்தார்.

திருகாணியை இன்னும் ஒரு மயிரிழை திருப்பினேன். குரல் பளிச்சென்று திறந்தது. அப்படியே விட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிய ஆரம்பித்தேன். அம்மா எல்லோரையும் பெயர் சொல்லி விசாரித்தார். வீடு நல்லா இருக்குது, தண்ணி கிட்டத்திலேயே இருக்குது என்றார். வைக்கிறேன் என்று முடித்தார். பிறகு வெறும் இரைச்சல். அன்று அவர்கள் இந்த இடத்தில்தான் நிறுத்தியிருப்பார்கள். அவர்களுடைய ரெக்கார்டரில் இதற்குமேல் எதுவும் கேட்டிருக்கவும் முடியாது. நான் எந்த நாடாவையும் முடியும்வரை ஓடவிடுகிறவன்.

இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு கிசுகிசுப்பு வந்தது. பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல், வாயை மைக்கில் வைத்துப் பேசியது போல.

“பெரியவனே, என்னைய வந்து கூட்டிக்கிட்டுப் போயிருய்யா. குளிரு மட்டுந்தாய்யா இங்க நம்ம ஊரு மாதிரி.”

அதன் பின் டக்கென்று பொத்தான் சத்தம்.

இரைச்சலை எடுத்துவிட்டால் இதுவும் சேர்ந்து போய்விடும். ஒரு பொத்தான் போதும். அது அவ்வளவு சுலபமாக இருந்ததுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது.

“அறுந்துருச்சா தம்பி?” அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இல்லை என்றேன். ஹெட்போனைக் கழற்றி அவர் காதில் வைத்து, கடைசிப் பகுதியைக் கம்ப்யூட்டரிலிருந்து போட்டேன். அவர் கேட்டார். மறுபடியும் போடச் சொன்னார். மூன்றாவது தடவை வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அம்மாவ அனுப்புனது அண்ணந்தான். இந்த நெஞ்ச வச்சிக்கிட்டு இதக் கேட்டாருன்னா இருக்க மாட்டாரு. இரைச்சல எடுக்கலாம்னீங்கல்ல, அவருக்கு எடுத்துக் குடுங்க. எனக்கு இப்புடியே இருக்கட்டும்.”

அந்த இடத்தை வெட்டிவிடுவது சுலபம் என்றேன்.

“வெட்டாதீங்க தம்பி. எங்கம்மா பேச்ச வெட்டக் கூடாது.”

வெட்டவில்லை. வெறும் இரைச்சலில் ஒரு துண்டைக் கம்ப்யூட்டருக்கு மாதிரியாகக் கொடுத்து, அதைக் கழிக்கச் சொன்னேன். முதல் தடவை ‘பெரியவனே’ மட்டும் மங்கலாகத் தப்பி நின்றது. அளவைக் கூட்டினால் அம்மாவின் பேச்சு முழுவதும் தண்ணீருக்குள் பேசுவது போல் ஆனது. முன்பகுதிக்குக் கொஞ்சமாகவும் கடைசிப் பகுதிக்கு நிறையவும் போட்டேன். அமைதியும் டக்கென்ற சத்தமும் மிஞ்சின. சத்தத்தை உச்சத்தில் வைத்துக் கேட்டேன். கிசுகிசுப்பு இல்லை என்று திரை காட்டியது. என் காதுக்கு மட்டும் அது இருந்தது. அக்காவைக் கேட்கச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டு, “இல்ல” என்றார்.

இரைச்சலோடு ஒன்று, இரைச்சல் எடுத்தது ஒன்று என்று இரண்டு பென் டிரைவில் ஏற்றினேன். இரண்டும் ஒரே கறுப்பு. அக்கா சேலை ஓரத்தில் ஒரு நூலை உருவி ஒன்றில் கட்டி, இரண்டையும் மடியில் முடிந்துகொண்டு மழையில் இறங்கினார். என்னால் உட்கார முடியவில்லை. வாசலுக்கு ஓடி, நூல் கட்டியது யாருக்கு என்று கூப்பிட்டுக் கேட்டேன்.

“எனக்குத்தான் தம்பி” என்றார். பிறகு அவரே நின்று, மடியை அவிழ்த்து நூலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.