ஆறாவது கல்

உத்தமபாளையம் பக்கத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் ஞானதுரையிடம் பம்புசெட் மோட்டாரைக் கொடுத்தால் இரண்டே நாளில் ஓடவிட்டுத் தந்துவிடுவார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டு நாளுக்குள் உங்களைப் பிடித்து உட்காரவைத்துக் கடல் முள்ளெலி காட்டாமல் விடமாட்டார். உயிருள்ளது அல்ல; ஏழு கோடி வருஷத்துக்கு முன்னால் செத்துக் கல்லாகிப்போனது. பன் மாதிரி உப்பலாக, உச்சியில் ஐந்து இதழ்ப் பூ போட்டிருக்கும். கோலம் போட்டு வைத்த மாதிரி அவ்வளவு ஒழுங்கு.

“கடல் இல்லாத ஊர்ல கடல் ஜந்துக்குக் காவக்காரன் நானு” என்று அவரே சொல்லிக்கொள்வார். பிறத்தியார் சொல்லிச் சிரிப்பதற்குள் தானே சொல்லிச் சிரித்துவிட்டால் பாதி வலிதான் என்பது அவர் கணக்கு.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அரியலூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனார். பந்திக்கு இன்னும் நேரம் இருந்ததால் ஓடைப் பக்கம் ஒதுங்கினார். ஒதுங்கின இடத்தில் காலடியில் கிடந்தது முதல் கல். “எதுக்குப் போனாக, எதத் தூக்கிட்டு வந்தாக பாருங்க” என்று அவர் மனைவி சகாயராணி இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்கிறாள். அவளுடைய சீர்வரிசைப் பாத்திரங்கள் இருந்த கண்ணாடி பீரோவில் இப்போது இருநூற்றுப் பத்து கற்கள். பாத்திரங்கள் கட்டிலுக்கடியில்.

இந்தப் பைத்தியம் தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தவருக்கு, ஊர் ஊருக்கு ஆள் இருப்பது வாட்ஸ்அப் வந்த பிறகு தெரிந்தது. பதினான்கு பேர் கொண்ட குழு. தலைவி திருச்சியில் கல்லூரிப் பேராசிரியை கிருபாவதி. குழுவுக்குச் சில சட்டங்கள் உண்டு. தோண்டக் கூடாது, மழையில் உதிர்ந்து கிடப்பதை மட்டும்தான் எடுக்க வேண்டும். ஒன்றுக்கு இரண்டாக இருப்பதை இல்லாதவருக்கு அனுப்ப வேண்டும். எந்த ஊர், எந்த ஓடை என்று சீட்டு எழுதி வைக்க வேண்டும்; சீட்டு இல்லாவிட்டால் அது வெறும் கல். புதிதாக ஓர் இடத்தில் கண்டுபிடித்தவர் எல்லோரையும் கூப்பிட்டுக் கறிச்சோறு போட வேண்டும்.

அந்தக் கறிச்சோறு போடும் பாக்கியம் ஞானதுரைக்கு வாய்க்கவே இல்லை. எப்படி வாய்க்கும்? கம்பம் பள்ளத்தாக்கில் தோண்டினால் பாறை வரும். இன்னும் தோண்டினால் இன்னும் பாறை வரும். கடல் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்று கிருபாவதி அம்மா படம் போட்டே விளக்கியிருக்கிறார். இருந்தாலும் ஆசை விடுகிறதா? வாட்ஸ்அப்பில் தன் பெயருக்குக் கீழே ‘தொல்லுயிர் ஆய்வாளர், கம்பம் பள்ளத்தாக்கு’ என்று போட்டுக்கொண்டார். ஆய்வாளராம்! மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றுகிற ஆளுக்கு வந்த கொழுப்பைப் பாருங்கள்.

போன தை மாதம் அந்த ஆசைக்கு வழி பிறந்தது. அவருடைய திராட்சைத் தோட்டத்து வாய்க்காலில் வண்டல் அள்ளிக்கொண்டிருந்தார். மண்வெட்டியில் ‘ணங்’கென்று ஒன்று தட்டுப்பட்டது. எடுத்து விரலால் தேய்த்தார். ஐந்து இதழ்!

அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்து ஒச்சாண்டி, பாம்பு என்று நினைத்துக் கம்போடு ஓடி வந்தான்.

“எங்கனண்ணே? எங்கன?”

“பாம்பு இல்லடா. கடலுடா! நம்ம தோட்டத்துல கடல் இருந்திருக்குடா!”

ஒச்சாண்டி கல்லைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். “வெயிலு கூடிப்போச்சு, வீட்டுக்குப் போங்கண்ணே” என்றான்.

அன்று மதியமே படம் குழுவுக்குப் போனது. குழு கொந்தளித்துவிட்டது. மண்ணைக் கழுவாதீர்கள், அந்த மண்தான் சாட்சி, நேரில் வருகிறோம் என்றார் கிருபாவதி. அடுத்த வாரம் சனிக்கிழமை வேன் என்று முடிவானது. ஞானதுரைக்குக் கால் தரையில் பாவவில்லை. சர்ச்சுக்குப் போய்ப் பங்குச் சாமியாரிடம் சொன்னார். சாமியார் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, இரண்டு கல்யாண ஓலை அறிவிப்புகளுக்கு நடுவே, “நம் பங்கைச் சேர்ந்த ஞானதுரை ஏழு கோடி ஆண்டுக் கடல் உயிரினத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்” என்று மைக்கில் வாசித்தார். ஞானதுரை முதல் பெஞ்சில் புதுச் சட்டையோடு, ஒன்றும் தெரியாதவர் போல் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரியாணிக்கு ஆளும் சொல்லியாயிற்று.

வெள்ளிக்கிழமை காலையில் கிருபாவதியிடமிருந்து செய்தி வந்தது. வாய் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்தால்தான் என்ன வகை என்று சொல்ல முடியும், அடிப்பக்கத்தை மட்டும் கொஞ்சம் சுத்தம் செய்து படம் அனுப்புங்கள் என்றிருந்தது. ஞானதுரை பல் பிரஷ்ஷை நனைத்துப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற பக்குவத்தில் தேய்த்தார். மண் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

உள்ளே சிவப்பு பெயின்டில் எழுதியிருந்தது: சு 6.

அவருக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார்.

அந்த எழுத்து யாருடையது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பீரோவிலேயே சு 1 முதல் சு 5 வரை இருக்கின்றன. அனுப்பியவர் சுயம்புலிங்கம், அரியலூர்ப் பக்கத்து ஓய்வு பெற்ற தபால்காரர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆறு கல் அனுப்புவதாகச் சீட்டு எழுதிப் பார்சல் அனுப்பினார். ஞானதுரைக்குப் பொறுமை ஏது? எண்ணிப் பார்க்காமலே பம்புசெட் தொட்டியில் மொத்தத்தையும் கொட்டி, மோட்டாரைப் போட்டு, பீய்ச்சுகிற தண்ணீரில் கழுவினார். கழுவி முடித்துத்தான் எண்ணினார். ஐந்து. உடனே குழுவில் எழுதினார்: ‘ஆறு என்று எழுதி ஐந்து அனுப்புவது என்ன நாணயம்?’

‘முப்பத்தோரு வருஷம் தபால்காரனா இருந்தவன் சார். என் கையில ஒரு பார்சல் குறைஞ்சதில்ல’ என்று சுயம்புலிங்கம் பதில் போட்டார்.

அதற்கு ஞானதுரை ஒரு சிரிப்புப் பொம்மை போட்டார். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்குமே, அந்தப் பொம்மை. அரை மணி நேரத்தில் சுயம்புலிங்கம் குழுவை விட்டு வெளியேறிவிட்டார். ஒருவரும் இருங்கள் என்று சொல்லவில்லை. அன்றைக்கு நியாயம் ஜெயித்துவிட்டதாக ஞானதுரை இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டார்.

தொட்டி நிறைந்து வழிகிற தண்ணீர் நேரே அந்த வாய்க்காலுக்குத்தான் போகிறது. கரண்டு எந்தக் கம்பியில் கசிகிறது என்று ஊருக்கெல்லாம் தேடிக் கொடுக்கிற மகாப் புத்திசாலிக்குத் தன் தொட்டித் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று தெரியவில்லை.

ஜன்னலில் மகள் ஷெரினின் நெயில் பாலிஷ் அழிக்கிற மருந்து இருந்தது. பஞ்சில் நாலு சொட்டு போதும். பெயின்ட் போய்விடும், பள்ளத்தாக்குக்குக் கடல் வந்துவிடும். சாமியார் வாசித்தது வாசித்ததாகவே இருக்கும். மூடியைத் திறந்தே விட்டார். வாடைக்கு சகாயராணி எட்டிப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள், சிவப்பு எழுத்தையும் பார்த்தாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பீரோவைத் தினமும் துடைக்கிறவள் அவள்தானே.

“அழிங்க” என்றாள். “அழிச்சுப்புட்டு ஞாயித்துக்கெழம சாமியார்கிட்ட நாக்க நீட்டி நன்மை வாங்கப் போங்க. நான் பின்னாடி வரிசையில நின்னு பாக்குறேன்.”

அவர் மூடியை மூடினார். மூடின அவசரத்தில் மருந்து பாதி லுங்கியில் கொட்டிவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. கல் போனதற்கோ, பிரியாணி போனதற்கோ அல்ல. அந்தச் சிரிப்புப் பொம்மையைத்தான் நினைத்து நினைத்து மாய்ந்தார். ஒரு மனிதனின் முப்பத்தோரு வருஷத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டியிருக்கிறோமே!

சுயம்புலிங்கத்தின் நம்பரைத் தேடி அடித்தார்.

“சார், நான் ஞானதுரை. ஆறும் வந்துருச்சு சார்.”

அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது.

“எங்க இருந்துச்சு?”

“எந் தோட்டத்து வாய்க்கால்ல. நான்தான் தொலைச்சேன். நான்தான் கண்டுபிடிச்சேன். அதுக்கு நாளைக்கு விழா வேற வச்சிருக்கேன். நீங்க வரணும். எல்லாரு முன்னாடியும் நான் சொல்லணும்.”

“பாக்கலாம்” என்றார் சுயம்புலிங்கம். போன் வைக்கப்பட்டது.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வேன் வந்தது. கிருபாவதி இறங்கினார், மற்றவர்கள் இறங்கினார்கள். கடைசியாக, காக்கித் துணிப்பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒல்லியாக ஒரு பெரியவர் இறங்கினார். அதற்கு முன் நேரில் பார்த்ததில்லை என்றாலும் ஞானதுரைக்கு யாரென்று தெரிந்துவிட்டது. வெற்றிலைத் தட்டில் துணி விரித்து வைத்திருந்த கல்லை எடுத்துக் கவிழ்த்து எல்லோருக்கும் காட்டினார். தொட்டியையும் காட்டினார், வாய்க்காலையும் காட்டினார். ஒன்றையும் மறைக்கவில்லை.

“இங்கன கடலும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு மடையன்தான் இருக்கான். சாமியார்கிட்டயும் சொல்லிட்டேன், நாளைக்கு மைக்கில அதையும் வாசிக்கச் சொல்லி” என்றார். ஒச்சாண்டி மட்டும் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு ஞானதுரை பெரியவரைப் பார்த்துக் கும்பிட்டார். “மன்னிச்சுக்கங்க சார்” என்றார்.

சுயம்புலிங்கம் முன்னால் வந்தார். கல்லை வாங்கித் தன் எழுத்தைப் பார்த்தார். கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார். துணிப்பையில் கைவிட்டு, ஓரம் மஞ்சளாகிப்போன பழைய ஒப்புகை அட்டை ஒன்றை எடுத்தார். பார்சலைப் பெற்றுக்கொண்டவர் கையெழுத்துப் போட்டுத் தருகிற அட்டை. அதில் சுயம்புலிங்கம் தன் கையாலேயே எழுதியிருந்தார்: கல் ஆறு பெற்றுக்கொண்டேன். கீழே கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது.

“போடுங்க” என்று பேனாவை நீட்டினார்.

ஞானதுரை தொட்டிச் சுவரில் அட்டையை வைத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்தவர், எந்தத் தேதி எழுதுவது என்று தெரியாமல் நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னைக்குத் தேதியே போடுங்க” என்றார் சுயம்புலிங்கம். “இன்னைக்குத்தான டெலிவரி ஆச்சு.”