அழிக்கச் சொன்ன இலக்கு

வாரத்துக்கு ஒருநாள், புதன்கிழமை மதியம், என் மகளுக்கு முழுக்கைச் சட்டையும் கால்சட்டையும் மாட்டி, காலில் ஷூவும் போட்டு, தண்ணீருக்குள் குதிக்க அழைத்துப் போனேன். நெதர்லாந்தில் ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் இப்படித்தான் நீச்சல் பழகுகிறார்கள். முதலில் நீச்சல் உடையில். தேர்வு நெருங்கியதும் உடுத்திய துணியோடு. கால்வாயில் தவறி விழுகிற பிள்ளை நீச்சல் உடை போட்டுக்கொண்டா விழப்போகிறது என்பது இவர்கள் எண்ணம். எண்ணம் சரிதான். ஆனாலும் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவதுபோலத் தலைவாரி, பின்னல் போட்டு, ஒரு பிள்ளையைத் தண்ணீரில் விழுவதற்கென்றே கூட்டிக்கொண்டு போக எனக்கு மனம் ஒப்பாது. பொத்தான் சரியான துளைக்குள் போகாது. "அம்மா, விடும்மா, நானே போட்டுக்கறேன்" என்று இனியா என் கையைத் தட்டிவிடுவாள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நடைபாதை, அதை ஒட்டிக் கால்வாய். நடுவில் கம்பியும் இல்லை, சுவரும் இல்லை. வந்த புதிதில் கணவரிடம், "ஏங்க, வேலி போட மறந்துட்டாங்களா?" என்று கேட்டேன். "ஊரே தண்ணி. எத்தனை எடத்துலதான் வேலி போடுவான்?" என்றார் அவர். அன்றிலிருந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தபடியேதான் வெளியே நடப்பேன். வீட்டுக்கு வந்து கையை விட்டால் என் விரல்களின் தடம் அதில் சிவந்திருக்கும்.

பொன்னமராவதிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் ஊரணி. குடிக்கிற தண்ணீர். செருப்பைக் கரையில் விட்டுவிட்டுப் படியிறங்கி, காலில் நீர் படாமல் குனிந்து குடத்தை முக்கி எடுக்க வேண்டும். தெரியாமல் கால் நனைந்தால்கூட யாராவது சத்தம் போடுவார்கள். குளிப்பதற்கும் நீந்துவதற்கும் கண்மாயும் கிணறும் இருந்தன, ஆனால் அவை அண்ணனுக்கு. நான் பத்தாவது படிக்கும்போது, குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த தோழி ஒருத்தி, விடுமுறைக்கு வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. கல்குவாரிப் பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்றிருக்கிறது. துணி அலசப் போயிருக்கிறாள். அதற்குப் பிறகு அம்மா என்னைக் கண்மாய்க் கரையில்கூட நடக்க விட்டதில்லை. நானும் கேட்டதில்லை. தண்ணீரைப் பார்த்ததும் விலகி நிற்பது என் உடம்பு தானாகச் செய்கிற வேலையாகிப் போனது.

அதனால்தான் நீச்சல் குளத்தின் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே, மற்ற அம்மாக்கள் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் மட்டும் கண்ணாடியில் நெற்றி ஒட்டி நின்றேன். ஒருநாள் பயிற்சியாளர் மார்லூஸ் வெளியே வந்து, "நீங்கள் போய் நிம்மதியாக ஒரு காபி குடியுங்களேன்" என்றாள். உபசரிக்கிறாள் என்று நினைத்து, "இப்போதுதான் குடித்தேன், ரொம்ப நன்றி" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்து அதையே சொன்னாள். எவ்வளவு நல்ல பெண் என்று நினைத்தேன். மூன்றாவது தடவை என் முழங்கையைத் தொட்டு, மெதுவாக, எனக்குப் புரிகிற டச்சில் சொன்னாள்: "உங்கள் மகள் நன்றாக நீந்துகிறாள். பாதி வழியில் திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறாள். பார்த்ததும் நிறுத்திவிடுகிறாள்."

அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். பிள்ளையைக் காப்பாற்றத்தான் அங்கே நிற்கிறேன் என்று நினைத்திருந்தேன். என் பயம்தான் அவள் காலைப் பிடித்து இழுக்கிறது என்றால் நான் எங்கே போய் நிற்பது? போகாமல் இருந்துவிட்டால், அம்மா வரவில்லையே என்று ஏங்குவாளோ? போனால் மூழ்கிவிடுவாளோ? அடுத்த வாரம் மார்லூஸிடம் இதையெல்லாம் உடைந்த டச்சில் கொட்டினேன். அவள் யோசிக்கவே இல்லை. "வியாழக்கிழமை மாலை பெண்களுக்கான வகுப்பு இருக்கிறது. வாருங்கள்" என்றாள். மறுத்துப் பேசத் தெரியாத ஒரே காரணத்தால் போய்ச் சேர்ந்தேன்.

முதல் வகுப்பில் தண்ணீரில் இறங்கவில்லை. அங்கேயும் மார்லூஸ்தான் பயிற்சியாளர். வட்டமாக உட்கார வைத்து ஒவ்வொருவரிடமும் "டூல்" என்ன என்று கேட்டாள். இலக்கு. என் முறை வந்தபோது, "மகள் தண்ணீரில் மூழ்கக்கூடாது" என்றேன். "அது உங்கள் பயம். நான் கேட்டது இலக்கு. உங்களுக்கு என்ன வேண்டும்?" என்றாள். முதுகலைப் பட்டம் வரை படித்திருக்கிறேன். எத்தனையோ இலக்குகளை எட்டியிருக்கிறேன். ஆனால் பத்தாம் வகுப்பில் மதிப்பெண் இலக்கை வகுப்பாசிரியர் சொன்னார், கல்லூரியை அப்பா சொன்னார், கல்யாணத்தை ஜாதகம் சொன்னது. பரீட்சைக்கு விடிய விடியப் படித்தது படிப்பின் மேல் ஆசையில் இல்லை. அப்பா நாலு பேருக்கு முன்னால் தலைகுனிந்துவிடக்கூடாதே என்ற பயத்தில். எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. கடைசியில், "மகள் தண்ணீரில் இருக்கும்போது நான் கரையில் நிற்கக்கூடாது, அவளோடு உள்ளே இருக்க வேண்டும்" என்றேன். மார்லூஸுக்கு அது பிடித்துப்போனது. வளர்மதி என்று என் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு, வரவேற்பறையில் இருந்த வெள்ளைப் பலகையில் நான் சொன்னதைப் பெரிய எழுத்தில் எழுதிவிட்டாள்.

ஒரு காரியம் முடியும் முன்னே வெளியே சொன்னால் அது நடக்காது என்பதை என் வீட்டில் யாரும் சொல்லித்தரவில்லை, அப்படியே வாழ்ந்தார்கள். விசாவுக்காகச் சென்னைக்குப் போனபோது, பக்கத்து வீட்டில் "திருச்சி வரைக்கும் போயிட்டு வாரோம்" என்றுதான் அம்மா சொன்னாள். இனியா வயிற்றில் இருப்பதை மூன்று மாதம் வரை சொந்தச் சித்திக்கே சொல்லவில்லை. இங்கே என் இலக்கு, போகிற வருகிற எல்லோர் கண்ணிலும் படும்படி பலகையில் தொங்குகிறது. வகுப்பு முடிந்ததும் மார்லூஸிடம் போய், "தயவுசெய்து அழித்துவிடுங்கள்" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது.

"வர மாட்டீர்களா?"

"வருவேன். அழித்தால்தான் வருவேன்."

"எழுதினால்தான் ஊக்கம் வரும் வளர்மதி. எல்லோரும் உங்களை உற்சாகப்படுத்துவார்கள்."

"எல்லோரும் பார்த்தால் எனக்கு வராது."

கண்ணேறு என்பதற்கு என்னிடம் டச்சுச் சொல் இருக்கவில்லை. அவள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்துக்கொண்டே, துடைப்பானை எடுத்து அழித்தாள்.

ஊக்கத்தைப் பற்றிக் கைப்பேசியில் எனக்கு நிறைய வந்துகொண்டிருக்கும். காலையில் எழுந்ததும் பார்க்கச் சொல்லும் தன்னம்பிக்கைப் பேச்சுகள். பயத்தைத் தூக்கி எறியுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் யோசித்துப் பார்த்தேன். பயத்தை எறிந்துவிட்டால் என்னை வியாழக்கிழமை வீட்டை விட்டுக் கிளப்ப வேறு எதுவும் இல்லை. தலைவலி, மாதவிலக்கு, மழை, இனியாவுக்குச் சளி என்று நின்றுவிட ஒவ்வொரு வாரமும் காரணம் வரும். மனம் உடனே ஒப்புக்கொள்ளும். பிறகு ஜன்னலுக்கு வெளியே கால்வாய் தெரியும். பையை எடுத்துக்கொண்டு போவேன். முகத்தைத் தண்ணீருக்குள் வைக்க ஒரு மாதம் ஆனது. ஓரக் கம்பியை விடுவதற்கு அதைவிட அதிகம். "ஒலிம்பிக்குக்கு எப்ப கெளம்பணும்? லீவு சொல்லணும்ல?" என்று கணவர் கேட்பார். சிரித்துக்கொண்டே அவர்தான் சாப்பாடு எடுத்து வைப்பார்.

அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. ஒருநாள் வீடியோ அழைப்பில் என் ஈரத்தலையைப் பார்த்துவிட்டாள்.

"ஏத்தா, பொழுதுசாய தலைக்கு ஊத்திருக்க? எதும் விசேஷமா?"

"மழைம்மா."

"கொடை எதுக்கு இருக்கு? ஒரு பிள்ளையப் பெத்தும் புத்தி வரலயே ஒனக்கு."

பொய் சொன்னது உறுத்தியது. ஆனால் உண்மையைச் சொன்னால் வேண்டாம் என்பாள். அவள் வேண்டாம் என்றால் நான் நிறுத்திவிடுவேன் என்பது எனக்குத் தெரியும்.

இலையுதிர் காலத்தில் இனியா நீச்சல் தேர்வில் தேறி டிப்ளோமா வாங்கினாள். நான் ஆழமில்லாத பகுதியில், கால் எட்டுகிற நம்பிக்கையில், குளத்தின் அகலத்தைக் கடக்கும் அளவுக்கு வந்திருந்தேன். மார்கழியில் விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். நல்ல மழை பெய்திருந்தது. அண்ணன் வயல் கிணற்றில் தண்ணீர் மேல்படி வரை நின்றது. பச்சையாக, அடி தெரியாமல்.

அண்ணனும் அவர் மகன்களும் உள்ளே இருந்தார்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு இறங்கியிருந்தார்கள். இனியா மேல்படியில் நின்று, "நானும்" என்றாள்.

"பொட்டப்பிள்ளைக்கு என்ன கெணறு? இங்கிட்டு வா" என்றாள் அம்மா.

"எனக்கு டிப்ளோமா இருக்கு."

"டிப்ளமோவா? எந்தக் காலேசுல?" என்று அண்ணன் உள்ளேயிருந்து சிரித்தார். "விடும்மா, நாந்தான் இருக்கேன்ல. வளரு, என்ன சொல்ற? முதுகுல கேன் கட்டி எறக்குவமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீலத் தரையும் கறுப்புக் கோடும் உள்ள குளத்தில் வாங்கிய டிப்ளோமா இந்தப் பச்சைத் தண்ணீரில் செல்லுமா? நான் சரி என்று சொல்லி ஏதாவது ஆகிவிட்டால்? வேண்டாம் என்று சொன்னால், இன்னும் இருபது வருடம் கழித்து அவளும் ஏதோ ஒரு கரையில் என்னைப் போல நிற்பாளே. "போ" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டுவிட்டது. குதித்தாள். தண்ணீர் மூடி, திறந்தது. பிறகு தவளைபோலக் காலை உதைத்துக்கொண்டு எதிர்ச்சுவருக்கு, அண்ணன் பிடித்திருந்த குழாயை நோக்கிப் போனாள். ஒரு தடவைகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

போய்ச் சேர்ந்துவிட்டாள். அண்ணன் இருக்கிறார். இனி நான் இறங்க வேண்டிய தேவையே இல்லை. அதை எத்தனை தடவை எனக்குள் சொல்லிக்கொண்டேன் என்று தெரியாது. ஆனால் அவள் தண்ணீரில் இருந்தாள், நான் கரையில் இருந்தேன். துப்பட்டாவைக் கழற்றிப் படியில் வைத்தேன். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி செய்யப்போற? கிறுக்கு புடிச்சிருச்சா ஒனக்கு?"

"எனக்குத் தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"நீந்தத் தெரியும்."

அவள் பிடி ஒரு நொடி தளர்ந்தது. நான் இறங்கினேன். படியை விட்டதும் காலுக்குக் கீழே எதுவும் கிடைக்கவில்லை. தண்ணீர் மேலே வெதுவெதுப்பாகவும் கீழே பனிபோலவும் இருந்தது. சுவரை விட்டேன். கிணறு அப்படியொன்றும் அகலமில்லை. கரையில் நின்று பார்த்தால் நாலு எட்டு. நடுவில் வந்ததும் மூச்சு முட்டியது, எந்தச் சுவர் கிட்டத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. பின்னால் அம்மா, "வந்துரு வளரு, வந்துரு" என்று அழுதுகொண்டே கூப்பிட்டாள். முன்னால் என் மகள், பயமில்லாமல், அவளுக்குச் சொல்லித்தந்தவர்கள் சொல்வதுபோலவே டச்சில், "கோம் மார் அம்மா, கோம் மார்" என்று கூப்பிட்டாள். அதற்கும் வந்துவிடு என்றுதான் பொருள். இரண்டு பக்கமும் ஒரே தூரம். நடுவில் நான், தாடையளவுத் தண்ணீரில், யாருக்கும் பதில் சொல்ல மூச்சில்லாமல், கைகளை விரித்து மடக்கி விரித்துக்கொண்டிருந்தேன்.