பதினொன்றாம் நம்பர் பஸ்ஸும் ஒரு புதுப் பாடமும்

1. சிலபஸ்

சூலூர் பக்கத்தில் ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரி. அங்கே ஆங்கிலத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வுக்குச் சில வருடம் முன்னால் ஒரு புதுப் பாடம் என் தலையில் வந்து விழுந்தது. எழுத்து, அறம், தலைமைப் பண்பு மூன்றையும் சேர்த்து மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு நடத்த வேண்டும். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்த கம்பெனிக்காரர் ஒருவர், "உங்க பசங்களுக்கு கோடிங் நல்லா வருது. ஆனா ஒழுங்கா ஒரு மெயில் எழுத வரல. டீம்ல ஒரு தப்பு நடந்தா ஒருத்தரும் வாயைத் திறக்கறதில்லை" என்று சொல்லிவிட்டுப் போனதன் விளைவு அது.

எந்தப் பாடத்துக்கும் முதலில் நோக்கங்களை எழுதியாக வேண்டும். இந்தப் பாடத்தைப் படித்து முடித்த மாணவர் இன்னின்னதைச் செய்வார் என்று வரிவரியாக. நான், "தெளிவாக எழுதுவார், அறத்தோடு நடந்துகொள்வார், குழுவுக்குத் தலைமை ஏற்பார்" என்று எழுதிக்கொண்டு பாடத்திட்டத்தை முடிவு செய்யும் போர்டு மீட்டிங்குக்குப் போனேன். மெக்கானிக்கல் துறைப் பேராசிரியர் ஒருவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"மேடம், அறத்தோட நடந்துக்குவான்னு போட்டிருக்கீங்க. அதை நீங்க எப்படி அளப்பீங்க? அளக்க முடியாததைப் போட்டா நாளைக்கு நம்மளைத்தான் கேப்பாங்க."

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. 'அறம் சார்ந்த சிக்கல்களை அடையாளம் காண்பார்' என்று மாற்றினோம். அடையாளம் காண்பதற்கு மார்க் போடலாம். நடந்துகொள்வதற்குப் போட முடியாது. எழுத்து முதல் யூனிட், அறம் இரண்டாவது, தலைமை மூன்றாவது என்று பிரித்துக் கையெழுத்தும் ஆனது.

முதல் வகுப்பில் ஒரு பையன் எழுந்தான். "மேடம், இது ஜி.பி.ஏ. மார்க்ல சேருமாங்க?"

"சேராது. ஆனா பாஸ் பண்ணணும்."

அவ்வளவுதான். பாதிப் பேர் லேப் ரெக்கார்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர்களில் கிருத்திகா ஒருத்தி. அந்த வகுப்பின் மாணவர் பிரதிநிதி, அதாவது சி.ஆர்., அவள்தான். பல்லடத்திலிருந்து தினமும் பதினொன்றாம் நம்பர் கல்லூரி பஸ்ஸில் வருகிறவள். எந்த வேலை கொடுத்தாலும் கேட்டதற்கு மேல் செய்து நிற்பாள்.

2. பஸ் குரூப்

அந்த செமஸ்டரின் நடுவில் ஒரு திங்கட்கிழமை காலை, காரணம்பேட்டை தாண்டி வரும்போது பதினொன்றாம் நம்பர் பஸ் தடுமாறியது. ரோட்டை விட்டு இறங்கி, நின்றிருந்த ஒரு சிமென்ட் லாரியை இடிக்காமல் மயிரிழையில் நின்றது. பிள்ளைகள் அலறிவிட்டார்கள். யாருக்கும் அடி இல்லை. கிருத்திகா முன் சீட்டில் இருந்தாள். அங்கிருந்தே, மாணவர்களும் பெற்றோரும் இருக்கும் பஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டாள்.

"11-ம் நம்பர் பஸ் டிரைவர் இன்னைக்குக் குடிச்சிட்டு வண்டி ஓட்டினார். நாங்க உயிர் பிழைச்சதே பெரிசு. பேரன்ட்ஸ் எல்லாரும் காலேஜைக் கேளுங்க."

வேறு டிரைவர் போய் அந்த பஸ்ஸைக் கல்லூரிக்கு ஓட்டி வருவதற்குள் பிரின்சிபாலுக்குப் பெற்றோர்களின் போன் விடாமல் அடித்தது. டிரைவர் செல்லமுத்து ஐம்பதைத் தாண்டியவர், வேலைக்கு வந்து பல வருடம் ஆனவர். சாவியையும் ஐ.டி. கார்டையும் வாங்கிக்கொண்டு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குடித்திருந்தாரா என்று யாரும் சோதிக்கவில்லை. டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜை நான் பிறகு கேட்டபோது, "கேட்டேனுங்க மேடம். குடிக்கலீங்கன்னாரு. குடிச்சவன் எவன் ஒத்துக்குவான்?" என்றார்.

கிருத்திகாவின் பெயர் கல்லூரி முழுக்கப் பரவியது. பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மேடம், உங்க கோர்ஸுக்கு இதைவிட என்ன எவிடென்ஸ் வேணும்? பொண்ணு எழுதியிருக்கா, தப்பைத் தட்டிக் கேட்டிருக்கா, முன்னால நின்னிருக்கா. மூணும் வந்துருச்சு. அந்த மெசேஜை இன்ஸ்பெக்‌ஷன் ஃபைல்ல வெச்சிருங்க. இந்த வருஷம் ஸ்டூடன்ட் லீடர் பரிசும் அந்தப் பொண்ணுக்கே குடுத்துரலாம்."

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கல்லூரியை மதிப்பிட வரும் குழுவுக்குக் காட்டும் அந்த ஃபைலில் வைத்தேன்.

3. கண்டது, கேட்டது, நினைத்தது

அந்த வாரம் வகுப்பில் ஏற்கெனவே திட்டமிட்டிருந்த ஒரு பயிற்சி. சமீபத்தில் நடந்த ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் தான் கண்டது, பிறர் சொல்லிக் கேட்டது, தானாக நினைத்தது என்று மூன்றாகப் பிரித்து எழுத வேண்டும். ரிப்போர்ட் எழுதப் பழக்குவதற்கு வைத்த பயிற்சி. அறத்துக்காக வைத்ததல்ல.

கிருத்திகா பஸ் சம்பவத்தை எடுத்துக்கொண்டாள். படிக்கச் சொன்னேன். பாதியில் நிறுத்திவிட்டாள்.

"மேடம், ஒரு வரியை எதுல போடறதுன்னு தெரியலீங்க."

"எந்த வரி?"

"குடிச்சிருந்தாருங்கறது."

"வாசம் வந்ததா?"

"இல்லீங்க. கண்ணு சொருகிச்சு. வேர்த்து ஊத்துச்சு. என்னமோ சொன்னாரு, பேச்சு கொளறுச்சு. அப்படி இருந்தா குடின்னுதானுங்க யாரும் நெனைப்பாங்க."

பின் வரிசையில் அருண் என்று ஒரு பையன். அதுவரை லேப் ரெக்கார்டில் தலையைப் புதைத்திருந்தவன் நிமிர்ந்தான்.

"எங்கப்பாவுக்கு சுகர் எறங்குனா இப்படித்தான் மேடம் ஆகும்."

கிருத்திகா நின்றபடியே தன் தாளைப் பார்த்தாள். பேனாவை எடுத்து எதையோ அடித்தாள். "இது நினைத்ததுல வருதுங்க மேடம்" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்த விவாதத்தை நான் எந்தச் சிலபஸிலும் எழுதி வரவழைத்திருக்க முடியாது. இன்னொரு மெசேஜ் போட்டு அதைத் திருத்தப் போகிறேன் என்றாள் கிருத்திகா. அவளுடைய நெருங்கிய சிநேகிதி நான்சி எழுந்து எதிர்த்தாள்.

"எதுக்குடி? பஸ் லாரிமேல மோதியிருந்தா? இப்ப நீ ஸாரின்னு போட்டா, நாளைக்கு ஒரு பொண்ணு நெசமாவே கம்ப்ளெயின்ட் குடுத்தா யாரு நம்புவாங்க? பொண்ணுக இப்படித்தான், மொதல்ல கத்துவாங்க, அப்பறம் மாத்துவாங்கன்னு சொல்லுவாங்க."

நான்சி சொன்னதிலும் உண்மை இருந்தது. கிருத்திகா சொன்னாள்:

"பஸ் தடுமாறுனதை நான் வாபஸ் வாங்கலடி. குடிச்சாருன்னு சொன்னதை மட்டும் வாங்கறேன்."

"அப்ப சுகர்னு போடு" என்றான் அருண்.

"அதுவும் நமக்குத் தெரியாதுல்ல? அதையும் போடக்கூடாது."

வகுப்பே சேர்ந்து அந்தச் சின்ன மெசேஜை எழுதியது. வரிக்கு வரி சண்டை. மன்னிப்பை முதலில் போடுவதா, கடைசியிலா? முதலில் போட்டால் அதோடு படிப்பதை நிறுத்திவிடுவார்கள் என்றான் அருண். கடைசியில் இப்படி முடிந்தது:

"திங்கட்கிழமை 11-ம் நம்பர் பஸ் தடுமாறியது உண்மை. டிரைவர் குடித்திருந்தார் என்று நான் எழுதியது என் ஊகம். நான் அதைப் பார்க்கவில்லை. யாரும் அவரைச் சோதிக்கவும் இல்லை. காரணம் எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதியதற்கு அவரிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். கிருத்திகா, மூன்றாம் ஆண்டு."

4. பிரின்சிபால் ரூம்

அதை அனுப்புவதற்கு முன் பிரின்சிபாலிடம் சொல்வதுதான் முறை என்று நான் அவளைக் கூட்டிப் போனேன். அவர் கெட்டவர் அல்ல. இரண்டு முறை படித்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"நீ நல்ல பொண்ணும்மா. ஆனா இதை இப்பக் கிளறுனா என்ன ஆகும்னு யோசிச்சியா? டெஸ்ட் பண்ணாம ஒரு ஆளை எப்படி வீட்டுக்கு அனுப்புனீங்கன்னு பேரன்ட்ஸ் என்னைக் கேப்பாங்க."

"கேக்கட்டுங்க சார்" என்றாள். சொன்ன வேகத்தில் தானே பயந்துபோய், "கேக்கறது நாயந்தானுங்களே சார்" என்று தாழ்ந்த குரலில் சேர்த்துக்கொண்டாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "இன்ஸ்பெக்‌ஷன் வருது மேடம். அந்த மொத மெசேஜ் ஃபைல்ல இருக்கு."

"ரெண்டையும் வெச்சிரலாம் சார்" என்றேன்.

சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேறு ஒரு ஃபைலை இழுத்துத் திறந்தார். வெளியே வந்ததும் கிருத்திகா மெசேஜை அனுப்பிவிட்டாள்.

பாராட்டு எதுவும் வரவில்லை. ஒரு பெற்றோர், யார் மிரட்டி உன்னை இப்படி எழுத வைத்தார்கள் என்று கேட்டிருந்தார். இன்னொருவர், பிள்ளைகள் உயிரோடு விளையாடாதே என்று எழுதினார். பஸ்ஸில் கொஞ்ச நாள் அவள் பக்கத்தில் நான்சியைத் தவிர யாரும் உட்காரவில்லை. பரிசு சத்தமில்லாமல் வேறு துறைப் பையனுக்குப் போனது. அவளுடைய அப்பா எனக்கே போன் செய்தார். "ஏனுங்க மேடம், படிக்கத்தானுங்க அனுப்பறோம். ஊர் வம்பை எதுக்குங்க புள்ள தலைல கட்டறீங்க?" இது அவளாக எடுத்த முடிவு என்று சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

5. செல்லமுத்து வீடு

அந்தச் சனிக்கிழமை கிருத்திகா, நான்சி, நான் மூவரும் செல்லமுத்து வீட்டுக்குப் போனோம். பல்லடத்தை ஒட்டிய கிராமம். தெரு முழுக்க விசைத்தறிச் சத்தம். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது. ஆனாலும், "வாங்க, உள்ள வந்து உக்காருங்க" என்றார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதுவும் பேசாமல் காபி போடப் போனார்.

"தப்புப் பண்ணிப்போட்டேனுங்ணா" என்றாள் கிருத்திகா.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். அன்று காலை சுகர் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிட நேரமில்லாமல் வண்டி எடுத்ததையும், மறுநாள் டாக்டரிடம் போனபோது, சுகர் இறங்கியதால் வந்தது என்று அவர் சொன்னதையும் சொன்னார்.

"பஸ்ஸு தடுமாறுச்சுன்னு நீ போட்டது நெசம் அம்மணி. அதுக்கு நான் கோவிச்சுக்கல. வண்டி நெறையப் புள்ளைக. சாப்படாம எடுத்தது என்ற தப்பு. ஆனா குடின்னு போட்டியே. என்ற பையன் பிளஸ் டூ படிக்கறான். அவன் கிளாஸ் குரூப்புக்கே அது வந்துபோச்சு. அன்னிக்கு ஊட்டுக்கு வந்தவன் என்ற பக்கத்துல வந்து உக்காந்து மோந்து பாத்தான். ஒரு வார்த்தை கேக்கல. மோந்து பாத்தான் அம்மணி."

நான்சி தலைகுனிந்தாள்.

"ரெண்டாவது ஒண்ணு போட்டேனுங்ணா. குடிக்கலைன்னு எனக்குத் தெரியாது, ஆனா குடிச்சீங்கன்னு சொன்னது தப்புன்னு..."

"சொன்னாங்க. அது அவனுக்கு வரல."

டியூஷனிலிருந்து பையன் வரும்வரை இருந்தோம். கிருத்திகா எழுந்து போய், நான்தான் அதை எழுதினது என்று சொல்லிப் போனை நீட்டினாள். அவன் வாசலில் நின்றபடியே படித்தான். அப்பாவைப் பார்க்கவில்லை. "எனக்கு அனுப்புங்க" என்று தன் நம்பரைச் சொன்னான். அனுப்பியதும், தன் வகுப்புக் குரூப்பில் தன் கையாலேயே அதைப் போட்டுவிட்டு உள்ளே போனான்.

"காப்பி ஆறுது. குடிங்க கண்ணு" என்றார் செல்லமுத்துவின் மனைவி. நாங்கள் வந்தபின் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

6. இன்ஸ்பெக்‌ஷன்

செல்லமுத்துவின் டாக்டர் சர்டிபிகேட் வந்தது. சுகர் கட்டுக்குள் வரும்வரை பஸ் ஓட்டக்கூடாது என்றார்கள். கல்லூரி அவரைத் திரும்பக் கூப்பிட்டு பஸ் ஷெட்டில் வண்டி பராமரிப்பைப் பார்க்கச் சொன்னது. யோசித்துச் சொல்கிறேன் என்று கொஞ்ச நாள் இழுத்துவிட்டுத்தான் வந்து சேர்ந்தார். டிரைவர்மேல் புகார் வந்தால் முதலில் மருத்துவச் சோதனை, அப்புறம்தான் நடவடிக்கை என்று ஒரு சர்க்குலர் வந்தது. பிரின்சிபால் கையெழுத்துப் போட்டிருந்தார். ஃபைலில் இரண்டு மெசேஜும் இருந்தன.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த குழுவில் ஒரு பெரியவர் ஃபைலைப் புரட்டும்போது அந்த மெசேஜ்கள் இருந்த பக்கத்தில் நின்றுவிட்டார். மாணவியைக் கூப்பிடச் சொன்னார். கிருத்திகா வந்தாள். பிரின்சிபாலும் நானும் அங்கேதான் இருந்தோம்.

"இந்தப் பாடத்துல தலைமைப் பண்புன்னு ஒரு நோக்கம் போட்டிருக்காங்க. இந்த ரெண்டு மெசேஜ்ல எது தலைமைப் பண்பு? மொதலாவதா, ரெண்டாவதா?"

இரண்டாவது என்று சொல்வாள் என்றுதான் நான் நினைத்தேன்.

"ரெண்டும் இல்லீங்க சார்" என்றாள். "முன் சீட்டுல நான்தான் இருந்தேன். அவருக்கு வேர்த்து ஊத்துனதை நான்தான் பாத்தேன். என்னாச்சுங்ணான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். என் பேக்ல தண்ணியும் பிஸ்கட்டும் இருந்துச்சு. நான் போனை எடுத்தேன்."

அந்தப் பெரியவர் ஃபைலை மூடினார்.

இப்போது இந்தப் பாடத்தை எடுக்க வரும் இளைய ஆசிரியர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மூன்று யூனிட்டாகப் பிரித்து நடத்தாதீர்கள். ஒரு பிள்ளை ஒரு மனிதரைப் பற்றி ஒரு வரி எழுதும்போது, எழுத்தும் அறமும் தலைமையும் அந்த ஒரே வரியில் வந்து நிற்கின்றன. எழுதுவதற்கு முன் அந்த மனிதரிடம் போய்ப் பேசினாயா என்று கேளுங்கள். இல்லை என்றால், தாளைத் திருத்துவதை நிறுத்திவிட்டு முதலில் பேசிவிட்டு வரச் சொல்லுங்கள்.